பீனிக்ஸில் மியூசியம் பார்க்கக் கிளம்புகிறீர்களா? மண்மேட்டிலிருந்து தொடங்குங்கள்

ஊரிலிருந்து பெரியவர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் பீனிக்ஸுக்கு வருவது பெரும்பாலும் தப்பான மாதத்தில்தான். விசா, பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, விமான டிக்கெட் எல்லாம் கூடி வந்து மே கடைசியில் இறங்குவார்கள். இறங்கிய மறுநாளே வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நிற்கும். மூன்றாம் நாள் கேள்வி வரும்: "இந்த ஊர்ல பார்க்க என்னதான் இருக்கு?" நாமும் கிராண்ட் கேன்யன், செடோனா என்று தொலைதூரப் பயணங்களைப் பட்டியல் போடுவோம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருப்பவை நினைவுக்கே வராது.

பீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில் குடியேறி முதல் மூன்று வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். மாமனார், மாமியார் வந்திருந்த கோடையில்தான் வேறு வழியில்லாமல் ஒவ்வொரு மியூசியமாக ஏறி இறங்கினோம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும், இரண்டு மூன்று நாள் தங்குபவர்களுக்கும், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றப் போகிறவர்களுக்கும் இது.

வீட்டை விட்டுக் கிளம்புமுன்

முதலில் நாளைப் பாருங்கள், பிறகு நேரத்தை. அமெரிக்க மியூசியங்களில் வாரத்துக்கு ஓரிரு நாள் மூடுவது சகஜம். அது எந்த நாள் என்பது இடத்துக்கு இடம் மாறும். பீனிக்ஸ் ஆர்ட் மியூசியத்துக்குத் திங்களும் செவ்வாயும் விடுமுறை. இசைக்கருவி மியூசியம் ஏழு நாளும் திறந்திருக்கும். சில இடங்களில் கோடைக்கென்று தனி நேரம் உண்டு, விடுமுறை நாட்களும் கூடும். நாங்கள் முதல் தடவை ஒரு திங்கட்கிழமை, பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு மியூசிய வாசலில் போய் நின்றோம். பூட்டிய கண்ணாடிக் கதவில் எங்கள் நாலு பேர் முகமும்தான் தெரிந்தது. அன்று காட்சிப்பொருள் நாங்களே. ஆகவே முந்தின நாள் இரவு அந்தந்த மியூசியத்தின் இணையதளத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள். கூகுள் மேப் காட்டும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

கடிகாரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அரிசோனா, நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி நீங்கலாக, கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து காரில் வருகிறவர்களுக்குக் கோடையில் இரண்டு ஊரிலும் ஒரே நேரம், குளிர்காலத்தில் பீனிக்ஸ் ஒரு மணி நேரம் முன்னால். டிக்கெட்டில் நுழைவு நேரம் குறித்திருந்தால் இந்த ஒரு மணி நேரம் உங்களைக் கவிழ்த்துவிடும்.

பையில் என்ன வைப்பது? தண்ணீர் என்று யாரும் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு லிட்டராவது வையுங்கள், காட்சிக்கூடத்துக்குள் மட்டும் குடிக்காதீர்கள். யாரும் சொல்லாதது ஒரு சால்வை. வெளியே 43 டிகிரி செல்சியஸ் கொதிக்கும், உள்ளே ஏசி நடுக்கும். பருத்திப் புடவையில் வந்த மாமியார் முதல் கூடத்திலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், பாதியில் கடைக்குப் போய் ஒரு மேல்சட்டை வாங்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, கட்டுச்சோறு. பூட்டிய காருக்குள் வைத்த தயிர்சாதம் இந்த வெயிலில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. எடுத்துப் போவதானால் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் மியூசியத்து கஃபேயிலேயே பார்த்துக்கொள்ளலாம், சைவத்துக்கு ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

எதை முதலில் பார்ப்பது

வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது என்பது என் கட்சி. எல்லாரும் நேராகப் பெரிய மியூசியத்துக்குப் போவார்கள். நீங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்மேட்டுக்கு முதலில் போங்கள். செடவ் வாகி மியூசியம் என்று பெயர். 2023 வரை புவெப்ளோ கிராண்டே என்று இருந்தது, பழைய வரைபடங்களிலும் பயணப் புத்தகங்களிலும் அந்தப் பெயர்தான் வரும். குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான். புதுப் பெயர் இந்த மண்ணின் மக்களான ஓஓதம் இனத்தாரின் மொழியில் வைத்தது, நடுவில் உள்ள வாகி என்று பொருள். வாகி என்பது பழங்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் எழுப்பிய இந்த மாதிரி மேட்டுக்குப் பெயர்.

காலை திறந்தவுடன் போய்விடுங்கள், ஏனென்றால் இதில் பாதி திறந்தவெளி. ஏறக்குறைய முக்கால் மைல் நடைபாதை மேட்டைச் சுற்றிப் போகிறது, நிழல் குறைவு. ஜூன், ஜூலையில் பத்தரை மணிக்கு மேல் அதில் பெரியவர்களை நடத்துவது பாவம்.

பார்த்த மாத்திரத்தில் ஏமாற்றமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரும் மாமல்லபுரமும் பார்த்த கண்ணுக்கு இது ஒரு மண்மேடு, அவ்வளவுதான். என் மாமனார் ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். உள்ளே காட்சிக்கூடத்தில் கால்வாய்களின் வரைபடத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "சரிவு எவ்வளவு வச்சிருக்கான்?" என்று கேட்டார். மைலுக்கு ஓரிரு அடிதான் என்று படித்துச் சொன்னேன். விரலால் அந்தக் கோட்டைத் தொடாமல் தொட்டுக்கொண்டே போனார். "மாடு கிடையாதா?" கிடையாது. "இரும்பு?" அதுவும் கிடையாது. கழியாலும் கல்லாலும் தோண்டி, மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். சால்ட் ஆற்றிலிருந்து இப்படி நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பருத்தியும் விளைவித்திருக்கிறார்கள். ஏறத்தாழ கி.பி. 450 முதல் 1450 வரை, ஆயிரம் வருடம். தலைமதகுகள் இருந்த இடத்துக்கு அருகில்தான் இந்த மேடு. தண்ணீரைத் திறந்துவிடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் ஊரில் பெரியவன் என்பது மாமனாரின் முடிவு. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

பிறகு அவர் மறுபடியும் வெளியே வந்து மேட்டைச் சுற்றினார், இந்த முறை மெதுவாக.

ஊர்ப் பெயரின் கதையும் இங்கேதான். 1867-இல் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் கைவிடப்பட்டுக் கிடந்த இந்தப் பழைய வாய்க்கால் தடங்களைப் பார்த்து, கம்பெனி ஆரம்பித்துத் தூர்வாரி மறுபடி தண்ணீர் விட்டார். பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து புது ஊர் எழுகிறது என்று டேரல் டப்பா என்ற குடியேறி பீனிக்ஸ் பறவையின் பெயரைச் சொன்னார், அது நிலைத்துவிட்டது. இன்றும் நகரத்துக்குள் ஓடும் சில கால்வாய்கள் அந்தப் பழைய தடத்தை ஒட்டியே போகின்றன. மாலையில் கால்வாய் ஓரம் நடைபயிற்சி போகிறவர்களுக்கு இது தெரிந்தால் நடக்கிற கரை வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் இதை முதலில் பாருங்கள் என்கிறேன். இதைப் பார்த்தபின் மற்ற மியூசியங்களில் இந்தப் பாலைவனத்து ஆட்களைப் பற்றி வரும் எதுவும் அந்தரத்தில் தொங்காது.

ஒரு கண்டிப்பான விதி. நடைபாதையில் ஓட்டுச்சில்லு கிடந்தால் எடுக்காதீர்கள், பிள்ளைகளையும் எடுக்கவிடாதீர்கள். தொல்லியல் இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்தாலும் சட்டப்படி குற்றம். மேட்டின் சுவரில் சாய்வது, உட்காருவது எதுவும் கூடாது. மழையும் காற்றும் அரித்தது போதும்.

இரண்டு மணி நேரம் இதற்குத் தாராளம். கார் இல்லாதவர்களுக்கும் சுலபம், லைட் ரயிலில் 44-ஆம் தெரு, வாஷிங்டன் நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். விமான நிலையத்தின் இலவச ஸ்கை டிரெய்னும் அந்த 44-ஆம் தெரு நிலையத்துக்கு வருகிறது.

அன்று மதியமோ மறுநாளோ: ஹர்ட் மியூசியம்

ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஹியர்ட்' என்று சொல்லாதீர்கள், 'ஹர்ட்'தான் சரி. ட்வைட் ஹர்ட், மேய் ஹர்ட் என்ற தம்பதி தங்கள் சேகரிப்பை வைக்க 1929-இல் கட்டியது. அதே வருடம், திறப்பதற்கு முன்பே கணவர் இறந்துவிட்டார். அந்த அம்மாள் இறக்கும் வரை இருபது வருடத்துக்கு மேல் தானே இருந்து நடத்தினார்.

செடவ் வாகியிலிருந்து லைட் ரயிலில் வருவதானால் டவுன்டவுனில் இறங்கி வடக்கே போகும் வண்டிக்கு மாறி, என்காண்டோ, சென்ட்ரல் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து நடைதான். கட்டணம் ஒரு பயணத்துக்கு 2 டாலர், நாளெல்லாம் சுற்றினாலும் 4 டாலர். வண்டியில் ஏறுமுன்பே நடைமேடையில் டிக்கெட் எடுத்துவிட வேண்டும். பார்க்கிங் தேடி வெயிலில் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல்.

உள்ளே போனதும் தென்மேற்கு இனங்களைப் பற்றிய நிரந்தரக் கூடத்தில் தொடங்குங்கள். அரிசோனாவில் மட்டும் அமெரிக்க அரசு அங்கீகரித்த 22 பழங்குடி அரசுகள் இருக்கின்றன. ஹோபி, நவஹோ, அபாச்சி, ஓஓதம் என்று ஒவ்வொன்றுக்கும் மொழியும் வீடு கட்டும் முறையும் வேறு. நவஹோக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்வார்கள். அவர்களது ஹோகன் வீட்டின் வாசல் கிழக்கு பார்த்துத்தான் இருக்கும். வாஸ்து பார்க்கும் என் மாமியாருக்கு இந்த ஒரு தகவலே போதுமானதாக இருந்தது.

அடுத்து கட்சினா உருவங்கள். வரிசை வரிசையாக, நிறம் நிறமாக, பொம்மைக் கொலு மாதிரி இருக்கும். கொலு என்று சொல்லிவிடலாம், விளையாட்டுப் பொம்மை என்று மட்டும் சொல்லாதீர்கள். வருடத்தில் பாதி நாள் ஹோபி கிராமங்களுக்கு வந்து தங்கி மழையைத் தருவதாக நம்பப்படும் தேவதைகளின் உருவங்கள் இவை. காட்டன்வுட் என்ற மரத்தின் வேரில் செதுக்கி, சிறு பெண்களுக்குப் படிப்பினையாகக் கொடுப்பது. இங்கிருப்பவற்றில் 437 உருவங்களைக் கொடுத்தவர் பாரி கோல்ட்வாட்டர், 1964 ஜனாதிபதித் தேர்தலில் லிண்டன் ஜான்சனிடம் தோற்ற அதே அரிசோனா செனட்டர்.

கடைசியாகப் போக வேண்டியது உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய காட்சிக்கூடம். கடைசியாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், அதைப் பார்த்தபின் வேறெதையும் பார்க்க மனம் வராது. பழங்குடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தொலைதூர விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, பெயரை மாற்றி, தாய்மொழி பேசினால் தண்டித்த வரலாறு. முடிவெட்டும் பழைய நாற்காலி ஒன்று இருக்கிறது. விவரப் பலகையைப் படிக்காவிட்டாலும் அந்த நாற்காலி சொல்லிவிடும். நீண்ட கூந்தலை உறவினர் இறந்தால் மட்டுமே வெட்டும் வழக்கமுள்ள இனத்துப் பிள்ளையை அதில் உட்கார வைத்து ஒட்ட வெட்டினால், வீட்டில் யாரோ செத்துப்போனதாகத்தானே அந்தப் பிள்ளை நினைக்கும்? மாமியார் அங்கிருந்து வெளியே வந்து முற்றத்துத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அந்தக் கூடத்துக்கு அழைத்துப் போவதானால் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெளியே வந்தபின், வழியில் தினமும் பார்க்கும் 'இந்தியன் ஸ்கூல் ரோடு' என்ற பெயர்ப்பலகையைக் காட்டுங்கள். அது வெறும் பெயர் இல்லை. 1891-இல் தொடங்கி 1990-இல்தான் மூடிய அந்தப் பள்ளி அந்தச் சாலையில் இருந்தது. மூன்று லைட் ரயில் நிறுத்தம் வடக்கே போனால் பள்ளியின் பழைய கட்டடங்கள் சில பூங்காவுக்குள் இன்னும் நிற்கின்றன.

பேச்சில் ஒரு சங்கடம் வரும், தயாராக இருங்கள். அங்கிருந்த தன்னார்வ வழிகாட்டி அம்மாள் எந்த ஊர் என்று கேட்டதற்கு மாமனார் நெஞ்சை நிமிர்த்தி "வீ ஆர் இந்தியன்ஸ்" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் கொலம்பஸ் உங்களைத்தான் தேடினார்" என்றார். பொதுவாக இனத்தின் பெயரைச் சொல்லிக் குறிப்பிடுவதுதான் அழகு, ஹோபி, டினே, ஓஓதம் என்று. நம்மைத் தமிழர் என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படி.

நகை வாங்கும் ஆசை இருந்தால் இங்குள்ள கடையில் வாங்கலாம். வெள்ளியில் பதித்த டர்காய்ஸ் கல் நகைகளுக்கு இந்த வட்டாரத்தில் போலிகள் ஏராளம். பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதைத் தடுக்க 1990-இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. எங்கே வாங்கினாலும் செய்தவர் பெயரும் இனமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். விலை அதிகம்தான். கை வேலைக்கு உரிய விலை.

பிப்ரவரியில் வருகிறவர்களுக்குக் கூடுதல் யோகம். பழங்குடியினரின் வளைய நடனத்துக்கான உலகப் போட்டி அந்த மாதம் ஹர்ட் மியூசியத்தில் நடக்கிறது. மார்ச் தொடக்கத்தில் பெரிய கைவினைச் சந்தையும் உண்டு.

இசைக்கருவி மியூசியத்துக்கு முழு நாள்

இதை அரை நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நகரத்தின் வடக்கு ஓரத்தில், 101 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. லைட் ரயில் போகாது, கார் வேண்டும். பார்க்கிங் இலவசம். பெரியவர்களுக்கு டிக்கெட் வெகு நாளாக 20 டாலர், நான் கொடுத்ததிலேயே வருத்தப்படாத 20 டாலர் அதுதான். டார்கெட் கடைகளின் தலைவராக இருந்த ராபர்ட் உல்ரிச் தொடங்கி, 2010 ஏப்ரலில் திறந்தது. உலகின் சுமார் 200 நாடுகளின் வாத்தியங்கள். வெளிச்சுவரின் மணற்கல்லே இந்தியாவிலிருந்து போனது.

நுழைந்ததும் காதில் மாட்டும் ஹெட்செட் தருவார்கள். எந்த பட்டனும் அழுத்த வேண்டியதில்லை. ஒரு நாட்டின் திரைக்கு அருகில் போய் நின்றால் அந்த நாட்டுப் பாட்டு காதில் தானாக ஒலிக்கும், நகர்ந்தால் அடங்கிவிடும். நமக்குள் பேசிக்கொள்ள முடியாதே என்று முதலில் குறையாகத் தோன்றும். உண்மையில் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆங்கிலம் படிக்க வேண்டாம், கேட்டால் போதும். இந்தியப் பகுதியில் வீணைக்கு முன்னால் மாமியார் நின்ற இடத்திலேயே நின்று, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் அவர் கையைப் பார்த்துத் தானும் தட்டிப் பார்த்தார். தப்பாகத்தான் தட்டினார், ஆனால் இருவருக்கும் சந்தோஷம்.

போகும் வரிசை முக்கியம். மேல்தளத்தில்தான் கண்டம் கண்டமாகக் காட்சிக்கூடங்கள். காலையில் கால்வலி இல்லாதபோதே மேலே போய்விடுங்கள். ஒவ்வொரு நாட்டிலும் நின்று கேட்டால் இருட்டிவிடும், அதனால் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததில் கொஞ்சம், சுத்தமாகத் தெரியாததில் நிறைய என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பராகுவே நாட்டுப் பகுதியைத் தவற விடாதீர்கள். குப்பை மேட்டில் கிடைத்த எண்ணெய் டப்பா, முள்கரண்டி, தகரம் இவற்றிலிருந்து செய்த வயலினும் செல்லோவும் அங்கே இருக்கின்றன, கதேயுரா என்ற ஊர்ப் பிள்ளைகள் வாசிப்பவை.

சாப்பாட்டுக்குப் பிறகு கீழ்த்தளம். பிரபல பாடகர்களின் கூடம் நமக்கு அவ்வளவு ஒட்டாமல் போகலாம், வேகமாகக் கடக்கலாம். தானியங்கி வாத்தியக் கூடத்தில் அப்போலோனியா என்று ஒரு நடன ஆர்கன், 25 அடி அகலம். குறிப்பிட்ட நேரத்தில்தான் அதை இயக்கிக் காட்டுவார்கள், வாசலிலேயே நேரம் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்ப இறங்கி வாருங்கள். கடைசியில் பிள்ளைகளை வாத்தியங்களைத் தொட்டு வாசிக்கும் அறைக்குள் விடுங்கள். சேகண்டி மாதிரிப் பெரிய காங் ஒன்று இருக்கிறது, அதை ஒரு முறை அடித்துவிட்டு வராத பெரியவரை நான் பார்த்ததில்லை. அந்த அறைக்கு முதலிலேயே போனால் பிள்ளைகள் வெளியே வரமாட்டார்கள், நாள் போய்விடும்.

ஆர்ட் மியூசியம்

1959-இல் திறந்த பீனிக்ஸ் ஆர்ட் மியூசியம் ஹர்ட்டுக்கு ஒரு நிறுத்தம் தெற்கே. புதன்கிழமை இரவு வரை திறந்திருக்கும், வெயில் தாழ்ந்தபின் போக வசதி. ஓவியங்களில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இரண்டுக்காகப் போகலாம். ஒன்று, ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமாவின் மின்மினி அறை. இருட்டறை, சுற்றிலும் கண்ணாடி, மேலிருந்து நூல் நூலாகத் தொங்கும் சின்னஞ்சிறு விளக்குகள். சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கையை முன்னால் நீட்டிக்கொண்டு மெல்ல நடங்கள், பெரியவர்களின் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் என் பிம்பத்துக்கே "சாரி" சொல்லி வழிவிட்டேன். இன்னொன்று, தார்ன் குட்டி அறைகள். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் செய்த 20 அறைகள், மேஜை மேல் கண்ணாடிக் குவளை வரை. சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும்.

பிள்ளைகளோடு என்றால்

டவுன்டவுனில் அரிசோனா சயின்ஸ் சென்டர், உள்ளேயே கோளரங்கம். அதைவிடச் சின்னவர்களுக்குச் சில்ட்ரன்ஸ் மியூசியம். பழைய பள்ளிக் கட்டடத்தில் இருக்கிறது, மாற்றுத் துணி எடுத்துப் போங்கள். பாபகோ பூங்கா பக்கம் ஹால் ஆஃப் ஃபிளேம் என்று தீயணைப்பு வண்டிகளுக்கென்றே ஒரு மியூசியம், குதிரை இழுத்த காலத்து வண்டி முதல் இருக்கிறது. காசே செலவழிக்க வேண்டாம் என்றால் தாமிரக் குவிமாடம் போட்ட பழைய சட்டமன்றக் கட்டடம், இப்போது கேபிடல் மியூசியம், அனுமதி இலவசம். வாரநாளில் போங்கள்.

செலவைக் குறைக்க

முதலில் உங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராகுங்கள், முகவரிச் சான்று கேட்பார்கள். நூலகங்களில் 'கல்ச்சர் பாஸ்' என்று மியூசியங்களுக்கான இலவச அனுமதியை இரவல் தருகிறார்கள். பிரபலமான இடங்களின் பாஸ் சீக்கிரம் தீர்ந்துவிடும், வார நடுவில் போய்க் கேளுங்கள். சில வங்கி அட்டைகளுக்கு மாதத்தின் முதல் வார இறுதியில் சில மியூசியங்களில் அனுமதி இலவசம். உங்கள் அட்டைக்கு உண்டா என்று வங்கியின் பக்கத்தில் பாருங்கள். கோடையில் மூன்று தடவைக்கு மேல் ஒரே இடத்துக்குப் போவீர்கள் என்றால் குடும்ப உறுப்பினர் அட்டைதான் லாபம். மூத்த குடிமக்கள் சலுகை பல இடங்களில் உண்டு, ஆனால் கேட்டால்தான் தருவார்கள். பாஸ்போர்ட்டின் படம் கைபேசியில் இருக்கட்டும், வயதுக்கு அத்தாட்சி.

கோடையில் காரைப் பற்றி நாலு வார்த்தை

2023-இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவே இல்லை. அந்த மாதிரி நாளில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற காரில் சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கி தோலைச் சுட்டுவிடும். மியூசியத்திலிருந்து எல்லாரையும் சேர்த்துக் கூட்டி வராதீர்கள். ஒருவர் மட்டும் முன்னால் போய்க் கதவுகளைத் திறந்து, ஏசி ஓடவிட்டு, வாசலுக்கு வண்டியைக் கொண்டு வரட்டும். குழந்தையையோ பெரியவரையோ "அஞ்சு நிமிஷம்" என்று காருக்குள் விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது.

ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை பருவமழைக் காலம். மாலையில் ஹபூப் என்னும் புழுதிச் சுவர் எழுந்து வரும். நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு முழுதாக ஓரம் இறங்கி, விளக்குகளை எல்லாம் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, பெல்ட்டோடு உட்கார்ந்திருங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதுதான் சாலை என்று நினைத்து வந்து மோதுவான். ஆகவே மதியம் மூன்றரைக்குள் வீடு திரும்புகிற மாதிரி நாளை அமைத்துக்கொள்வது நல்லது.

ஊர் திரும்பும் நாள்

மாலை விமானம் என்றால் அன்று காலை மறுபடியும் செடவ் வாகிக்கு ஒரு நடை போகலாம், வழியில்தானே இருக்கிறது. மாமனார் அப்படித்தான் கேட்டார். மேட்டின் மேல் நின்றால் தலைக்கு மேலேயே விமானங்கள் இறங்கும். கீழே பழைய வாய்க்கால், அதற்கு அந்தப் பக்கம் புது வாய்க்கால், அதற்கும் அப்பால் ஓடுபாதை. நாலைந்து விமானங்களை எண்ணிவிட்டு, "நம்ம வண்டி எது?" என்றார்.

மியூசியக் கடைகளில் சப்பாத்திக் கள்ளிப் பழத்தில் செய்த சிவப்பு ஜாம் விற்பார்கள், ஊருக்கு வாங்கிப் போக நல்ல பொருள். அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் ஜாமும் திரவக் கணக்குத்தான், 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். மாமியார் ஆறு பாட்டில் வாங்கியிருந்தார், ஊறுகாய் மாதிரி துணி சுற்றிப் பத்திரமாகக் கைப்பையில் வைத்து. அவர்கள் உள்ளே போனபின் எனக்குப் போன் வந்தது. "ஆறையும் எடுத்துக்கிட்டாங்க. பெரிய பெட்டியிலதான் போடணும்னு நீ ஏன் சொல்லல?"